பள்ளத்தில் தங்கும் காற்று: டெல்லிக்குப் போகும் மகனுக்கு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ புது வேலைக்காக டெல்லிக்கு ரயிலேறுகிறாய். ஸ்வெட்டர் வாங்கினாயா, ஊறுகாய் எத்தனை பாட்டில் வேண்டும் என்று போனில் பேசிக்கொண்டிருக்கிறோமே, அதெல்லாம் சரி. ஆனால் போனில் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தும் என்னால் அதைச் சொல்ல முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எத்தனையோ முதலாளிகளின் முகத்தைப் பார்த்து விலை பேசியவள்தான் நான். ஆனாலும் இதற்கு வாய் வரவில்லை. அதனால்தான் கடையை இன்று மதியமே சாத்திவிட்டு வந்து, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் உனக்கு ஒரு பிரதி, எங்கள் வியாபாரிகள் சங்க மலருக்கு ஒரு பிரதி. வீட்டு விஷயத்தை ஏன் ஊர் படிக்க வேண்டும் என்று நீ கோபப்படுவாய். காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் நல்ல சேதி. வீடு நம்முடையதாகவே இருக்கிறது. பத்திரம் பீரோவில், என் கல்யாணப் புடவைக்கு அடியில், பழைய இடத்திலேயே இருக்கிறது. போன மாதம் அது நம் கையை விட்டுப் போக ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கையெழுத்து விழவில்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் கோவில்பதாகை வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது நெஞ்சுக்கூடு லேசாக இருக்கிறது. சேதி தெரிந்ததும் நீ போன் பண்ணி, "என் ரிப்போர்ட்டைப் படிச்சியாம்மா?" என்று கேட்டாய். உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். நானும் "ஆமாம்" என்றேன். அது பொய். அன்றைக்கு வரை உன் ரிப்போர்ட்டை நான் உட்கார்ந்து படித்ததில்லை. படிக்கக்கூடாது என்று வீம்பாக இருந்தேன். வீட்டைக் காப்பாற்றியது உன் நைனா. எப்படிக் காப்பாற்றினார் என்று சொல்ல வேண்டுமானால், பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன இன்னொரு பொய்யையும் அவிழ்க்க வேண்டும். நீ ரயிலேறுவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மனுஷனை நீ தப்பாக நினைத்துக்கொண்டே அவ்வளவு தூரம் போய்விடுவாய்.

இந்தக் கதைக்கெல்லாம் ஆதாரம் ஒரு வாயுதான். நீ அதைக் கரியமில வாயு என்று எழுதுகிறாய். கடையில் எங்களுக்கு அது சிஓடூ. சோடா கம்பெனிக்கு வேண்டும், வெல்டிங் பட்டறைக்கு வேண்டும், தீயணைக்கும் சிலிண்டருக்கு வேண்டும். நான் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சோடா கம்பெனியில் பாட்டில் கழுவப் போனவள். ஞாயிற்றுக்கிழமையில் கேஸ் தீர்ந்துபோய் முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துத்தான் இந்த வியாபாரம் எனக்குத் தோன்றியது. மீன்பாடி வண்டியில் இரண்டு சிலிண்டர் வைத்து, உன் நைனா மிதிக்க, நான் பின்னால் தள்ள, அப்படித்தான் ஆரம்பம். அவர் பாடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். ஷிஃப்ட் முடிந்து வந்து எனக்கு வண்டி மிதித்தார். இதெல்லாம் உனக்குத் தெரியும். இந்த வாயுவைப் பற்றி நான் உனக்குச் சொல்லிக்கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். சிஓடூ சிலிண்டரில் மீட்டர் முள்ளை நம்பக்கூடாது. உள்ளே அது தண்ணியாக இருக்கிறவரை முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். முக்கால்வாசி காலியானாலும் நிறைந்திருக்கிற மாதிரியே காட்டும். தராசில் ஏற்றி எடை போட்டால்தான் உண்மை தெரியும். நீ எட்டாவது படிக்கும்போதே சிலிண்டரின் கழுத்தில் குத்தியிருக்கும் வெற்று எடையைப் படித்து, கழித்து, மீதி எவ்வளவு என்று சொல்லுவாய். இப்போது நாட்டுக்கே எடை போடப் போகிறாய்.

போன வருஷம் கரையான்சாவடி புரோக்கர் சம்பத் கடைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரும் நம்பித்தான் வந்தார். ஒரு கம்பெனி, வடக்கே இருக்கிற நிலக்கரி மின் நிலையத்தின் புகைக்கூண்டில் போகிற சிஓடூவைப் பிடிக்கப்போகிறது, அதை ஏற்றிப்போக ஆள் தேடுகிறது என்றார். "அக்கா, இத்தினி வருஷமா நீ துட்டு குடுத்து வாங்குன சரக்கு. இப்ப அவன் உனக்குத் துட்டு குடுத்து, எடுத்துகினு போம்மான்றான். இந்த மாதிரி யாவாரம் கனாவுல கூட வராதுக்கா." நிஜமாகவே எனக்குத் தலை கிறுகிறுத்துப்போனது. சரக்குக்கும் காசு, வண்டிக்கும் காசு. வீட்டை ஈடாக வைத்தால் நாலு டேங்கர் எடுக்கலாம் என்று ஆகிவிட்டது. நான் எவ்வளவு கெட்டிக்காரி என்று உனக்குத் தெரியுமே! அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் என் கண்ணைக் கட்டியது.

நீ இருந்ததோ அதே விஷயத்தில். அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கிருந்து எவ்வளவு கரண்ட் எடுப்பது, எந்த நிலையத்தை வைத்துக்கொள்வது, எதை மூடுவது, எந்தப் புகைக்கூண்டில் இந்த வாயுவைப் பிடிப்பது, எந்த வழியாகக் கொண்டுபோவது, எங்கே புதைப்பது என்று கணக்குப் போடுகிற குழுவில் நீ வேலை செய்தாய். வீட்டிலேயே பிள்ளை இருக்கிறான், உள் சேதி கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். நீ சொன்ன பதில் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ரிப்போர்ட் வெளிய வர்றவரைக்கும் எதுவும் சொல்லக்கூடாதும்மா. ஆனா பொதுவா ஒண்ணு கேக்கறேன். ஒரு பெரிய யூனிட்டோட சிம்னியிலேர்ந்து ஒரே நாள்ல ஆயிரக்கணக்கான டன் வருது. உன் டேங்கர் ஒண்ணு எவ்ளோ ஏத்தும்? இருபது டன்? அப்ப தினமும் நூத்துக்கணக்குல டேங்கர் போகணும். பாடி பிரிட்ஜு தாங்குமா?"

"நான் அல்லாத்தயுமா எடுக்கப் போறேன்? கொஞ்சம் எடுத்தா போதும்டா."

"கொஞ்சம் எடுத்து?"

"சோடா கம்பெனிக்குக் குடுப்பேன். வெல்டிங்குக்குக் குடுப்பேன்."

"சோடாவைத் தெறந்தா அது மறுபடி மேலதானேம்மா போகுது? சிம்னி வழியா போறதுக்குப் பதிலா நம்ம ஏப்பத்து வழியா போகும். அவ்ளோதான். வித்தா போதாது. திரும்பி வராத மாதிரி வெக்கணும்."

இதைக் கேட்டு உன் நைனா சிரித்தார். நீ அவர் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு மேலும் விளக்கினாய். வாயுவைப் பிடிக்கிறதற்கே கரண்ட் வேண்டும், அந்த நிலையம் தான் செய்கிற கரண்டில் ஒரு பங்கைத் தானே தின்றுவிடும், அந்தப் பங்கை வேறு எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும் என்றாய். நடுப்பகலில் சோலார் கரண்ட் கொட்டும்போது நிலக்கரி நிலையத்தைக் குறைத்து ஓட்டுவார்கள், அப்போது பிடிக்க வாயுவும் குறைவு, போட்ட குழாய் பாதி நாள் சும்மா கிடக்கும் என்றாய். அரை நாள் ஓடுகிற வண்டிக்கும் டிரைவருக்கு முழுச் சம்பளம்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்று எனக்கு அது உறைக்கவில்லை. கடைசியில் நீ, "பூமிக்கு அடியில, அது வெளியவே வராத பாறைக்குள்ள எறக்கணும். அந்தப் பாறை எங்க இருக்கு, எவ்ளோ கொள்ளும்னு நம்ம பக்கம் யாரும் இன்னும் முழுசா தோண்டிப் பார்க்கலை. வெக்க எடம் பார்த்துட்டுச் சரக்கு எடுன்னு நீதானேம்மா சொல்லுவே? நீ எடம் பார்த்துட்டியா?" என்று கேட்டாய்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எனக்கு வெறி பிடித்தது. ஏன் என்று உனக்கு அன்று புரிந்திருக்காது. "மாசச் சம்பளக்காரனுக்கு யாவாரத்தப் பத்தி இன்னாடா தெரியும்? யாரு துட்டுல படிச்சே நீ?" என்று கத்தினேன். நீயும் பொறுமை இழந்து உன் நைனா பக்கம் கையை நீட்டினாய். "இந்த ஊட்டை நீ டேங்கருக்கு அடகு வெக்கிறதுக்கு, இவரு அன்னிக்கே குடிச்சு அழிச்சிருக்கலாம்" என்றாய். உன் நைனா தட்டில் பாதிச் சோறு இருந்தது. அவர் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நீ பையைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லியில் உன் சிநேகிதன் ஃபிளாட்டுக்குப் போய்விட்டாய். அதற்கப்புறம் நாலு மாதம் நமக்குள் 'சாப்ட்டியா' என்பதைத் தவிரப் பேச்சே இல்லை.

இப்போது அந்தப் பழைய நாளுக்கு வருகிறேன். அதுவரை நான் இரண்டிரண்டாகச் சிலிண்டர் எடுத்து விற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள், ஃபில்லிங் கம்பெனிக்காரன் ஒரே லோடாகப் பன்னிரண்டு சிலிண்டர் தருகிறேன், இன்றைக்கே எடுத்தால் என்றான். எனக்குக் கிடங்கு இல்லை, லைசென்ஸும் இன்னும் கைக்கு வரவில்லை. வந்த லோடை விட மனசில்லை. அப்போது நாம் இருந்தது பாடியில் ஒரு வாடகை வீடு. தெரு உயர்ந்து உயர்ந்து வீடு பள்ளமாகிப்போனதால், மழைத் தண்ணீர் வராமல் இருக்க வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குக் கட்டை கட்டியிருப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டின் பின்னறையில் பன்னிரண்டையும் அடுக்கினேன். அந்த அறையில்தான் உன் நைனா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, வெளிச்சம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் பாய் போட்டுத் தூங்குவார்.

அடுத்த நாள் காலையும் அப்படித்தான் தூங்கினார். நான் வெளியே வியாபாரம் முடித்துவிட்டு மதியம் வந்து கதவைத் திறந்தேன். ஒரு சிலிண்டரின் வால்வு சரியாக மூடவில்லை. சத்தமே இல்லாமல் கசிந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை, ஏனென்றால் நான் நின்றுகொண்டிருந்தேன். அவரை எழுப்பக் குனிந்தேன். சோடா குடித்து மூக்கில் ஏறினால் ஒரு சுள்ளென்ற எரிச்சல் வருமே, அது வந்தது. கூடவே தலை சுற்றியது. அந்த வாயு காற்றைவிடக் கனம். தரையில் தண்ணீர் மாதிரித் தங்கும். பின்னறையில் கண்ணுக்குத் தெரியாமல் முழங்காலுக்கு மேல் அது நின்றிருக்கிறது, அதற்குள் அவர் முழுகிக் கிடக்கிறார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் காலைப் பிடித்து இழுத்தேன். அறையைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, அந்த வாசல் கட்டைமேல் எப்படித் தூக்கிப் போட்டேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெருவில் காற்றுப் பட்டதும் வாந்தி எடுத்தார். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

அக்கம்பக்கம் கூடிவிட்டது. "இன்னாக்கா ஆச்சு? இன்னா ஆச்சு அண்ணாத்தேக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் வீடு போகும், லைசென்ஸ் போகும், கேஸ் கொடுக்கிறவன் நிறுத்திவிடுவான். இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குள் ஓடியது. பார், புருஷன் உயிர் திரும்பி வந்த அந்த நொடியிலும் எனக்கு வியாபாரம்தான் ஓடியிருக்கிறது. "இன்னா ஆவும்? தண்ணி போட்டுகினு வந்து உழுந்து கெடக்குறாரு. நான் வாங்கிகினு வந்த வரம் அப்டி" என்று தெருவே கேட்கச் சொன்னேன். பீர் பாட்டில் மூடியைக்கூட மோந்து பார்க்காத மனுஷனை! அந்த நேரம்தான் நீ பள்ளிக்கூடத்திலிருந்து அரை நாள் விட்டு வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நின்றாய். கையில் சாப்பாட்டுப் பை. நான் சொன்னதைக் கேட்டாய். அவர் சட்டையில் வாந்தியைப் பார்த்தாய். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய்.

சாயங்காலம் தலைவலி குறைந்ததும் அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "இன்னாத்துக்கு அப்டி சொன்னே?" நான் காரணம் சொன்னேன். "சரி வுடு. நீ லைசென்ஸ் வாங்கு மொதல்ல. புள்ளகிட்ட அப்பால சொல்லிக்கலாம்" என்றார். அந்த 'அப்பால' வரவே இல்லை. நான்தான் வரவிடவில்லை. முதலில் லைசென்ஸுக்காக. அப்புறம் கடைப் பேருக்காக. அதற்கும் அப்புறம், இத்தனை நாள் மறைத்ததை எப்படிச் சொல்வது என்ற வெட்கத்துக்காக. அன்றோடு அவர் குடியை விட்டுவிட்டார் என்று உனக்கு இன்னொரு கதையும் கட்டினேன். இல்லாத குடியை விட்டவர் உன் நைனா. நீ அவரைப் பள்ளிக்கூட விழாவுக்கு வர வேண்டாம் என்றாய். காலேஜில் சேர்க்க நான் மட்டும் வந்தேன். அன்றிலிருந்து நீ அவரை நைனா என்று கூப்பிட்டதில்லை. 'அவரு', 'இவரு' தான். அந்த மனுஷன் ஒரு நாள்கூட உன்னிடம் தன் பக்கத்தைச் சொன்னதில்லை. சொன்னால் உன் கண்ணில் நான் இறங்கிவிடுவேன் என்று.

கோவில்பதாகையில் மேட்டுப் பக்கமாகப் பார்த்து இந்த வீட்டை வாங்கினபோது அவர் பேரில் பத்திரம் போட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த வழி அது. அவர் கட்டிலுக்குக் கீழே ஒவ்வொரு காலுக்கும் இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறாரே, "சிம்மாசனமா?" என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அது எதற்கு என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அந்த நாளுக்குப் பிறகு அவர் தரையில் படுத்ததே இல்லை. சித்திரை வெயிலில் நாமெல்லாம் மொசைக்கில் உருளும்போதும் மேலேதான் படுப்பார். "வெக்க எடம் பார்த்துட்டுச் சரக்கு எடு" என்று நான் கடையில் எல்லோருக்கும் சொல்லுகிற பாடம் அந்தப் பின்னறையில் கற்றது. அதையே நீ என் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கேட்டபோது நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று இப்போது தெரிகிறதா?

வீட்டை ஈடு வைக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போன மாதம் பூந்தமல்லிக்குப் போனோம். பதிவு ஆபீஸ் பக்கத்துச் சந்தில் பத்திரம் எழுதுகிறவர் கடை. சம்பத், கம்பெனியிலிருந்து வந்த டை கட்டிய ஒரு தம்பி, நான், உன் நைனா. வீடு அவர் பேரில் இருப்பதால் அவர் கையெழுத்துதான் முக்கியம். நான் சொன்னால் போடுவார், இத்தனை வருஷமாக அப்படித்தான். பேனாவைத் திறந்தார். திறந்துவிட்டு, "தம்பி, ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க சார்."

"பிடிக்கிறீங்க. எங்க ஊட்டம்மா வண்டியில ஏத்திகினு வருது. எங்க எறக்குறது?"

"அது ரெண்டாவது கட்டம் சார். பூமிக்கு அடியில வெக்கிற எடத்த ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. அதுவரைக்கும் டேங்கர்லயே யார்டுல நிக்கும்."

"யார்டு எங்க கீது?"

சம்பத் சந்தோஷமாகச் சொன்னார். "நம்ம ஊட்டாண்டதான் அண்ணாத்தே. ஏரிக்கரை ஓரம் பள்ளமா ஒரு எடம் கீதுல்ல? அத்த சல்லிசா புடிச்சுட்டோம்."

"அத்த சுத்தி ஊடுங்க கீதே."

"ஊடுங்க இருந்தா இன்னா அண்ணாத்தே? இது இன்னா பெட்ரோலா, பத்திக்கிறதுக்கு? தீய அணைக்கிற கேஸாச்சே!"

உன் நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. கோபம் இல்லை. 'இன்னுமா?' என்று கேட்கிற மாதிரி. அப்புறம் அந்தத் தம்பியிடம் மெதுவாகச் சொன்னார். "பத்திக்காது தம்பி. ஆனா பள்ளத்துல தங்கும். தரையில படுத்துகினு கீறவன் எந்திரிக்க மாட்டான். நான் படுத்துப் பாத்துக்கீறேன்." யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் பேனாவை மூடினார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். உன் ரிப்போர்ட்டின் தமிழ்ச் சுருக்கம். அதற்கு முந்தின வாரம் அது வெளியானதும் எங்கேயோ போய்ப் பிரிண்ட் போட்டு வாங்கி வந்திருக்கிறார். ஒரு இடத்தில் லேத் பட்டறைப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. 'வாயுவைக் கொண்டுசெல்லும் வழியும் தற்காலிகமாக வைக்கும் இடமும் தாழ்வான குடியிருப்புகளைத் தவிர்க்க வேண்டும். அதனால் செலவு கூடினாலும் அந்தச் செலவைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.' அதைக் காட்டி, "இத்த என் புள்ள எழுதிக்கீறான்" என்றார். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

சம்பத் என் முகத்தைப் பார்த்தார். "அக்கா, நீ சொன்னா கேப்பாருல்ல?" நான், "இல்லப்பா, இந்த வாட்டி நான் கேக்குறேன்" என்றேன். சொல்லிவிட்டு எழுந்தேன். ஒரு லோடை முதுகிலிருந்து யாரோ இறக்கிவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது. சந்து முனையில் சோடாக் கடை. இரண்டு பேரும் நின்று ஆளுக்கொரு சோடா குடித்தோம். அவர் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டு, "போச்சு பாரு மேல. உன் புள்ள கணக்கு கரீட்டு" என்றார். நடுத்தெருவில் நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நீ போன் பண்ணின பிறகுதான் அந்தச் சுருக்கத்தை உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. எல்லோரும் முதலில் புகைக்கூண்டில் பிடிக்கிற மெஷினை வைத்துவிட்டு, அப்புறம் குழாய், அப்புறம் புதைக்கிற இடம் என்று போகிறார்கள். நீ தலைகீழாகச் சொல்கிறாய். முதலில் பாறையைத் தோண்டி, அது எவ்வளவு கொள்ளும் என்று நிரூபி. பிறகு பல ஆலைகளும் சேர்ந்து உபயோகிக்கிற ஒரே குழாயைப் போடு. அதற்கப்புறம்தான் எந்த நிலையத்தில் பிடிப்பது என்று முடிவு பண்ணு. அதுவரைக்கும் காற்றாலையும் சோலாரும் பாட்டரியும் வைத்துச் சமாளிக்க முடிகிற இடத்தில் சமாளி என்கிறாய். சிமெண்ட் ஆலை மாதிரி வேறு வழியே இல்லாத இடத்துக்கு அந்தப் பாறையில் இடம் மிச்சம் வை என்கிறாய். கண்ணு, இது யாவாரம். இதைவிட நல்ல யாவாரம் எஸ்டேட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாசச் சம்பளக்காரனுக்கு என்ன தெரியும் என்று கேட்டேனே, அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நாளைக்கே அந்தப் பாறை நிஜமாகக் கிடைத்து, குழாயும் வந்துவிட்டால், நான் முதல் ஆளாக வந்து நிற்பேன், அதையும் எழுதி வைத்துக்கொள். எனக்கு அந்த வாயுமேல் விரோதம் ஒன்றும் இல்லை. நமக்குச் சோறு போட்டது அது.

டெல்லியில் பெரிய பெரிய ஆட்கள் உன் எதிரே உட்கார்ந்து, நூற்றுக்கு இவ்வளவு பிடித்துவிட்டோம் என்று முள்ளைக் காட்டுவார்கள். முள் அசையாமல் நிற்கும். நீ எடை போடு. பிடித்தது எவ்வளவு, பிடிக்கத் தின்ற கரண்ட் எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு, கடைசியில் கீழே போய்த் தங்கியது எவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்று. யாராவது, 'வைக்கிற இடம் ரெண்டாவது கட்டம்' என்றால் பேனாவை மூடு. கோபப்படாதே, கத்தாதே. உன் நைனா மூடினது மாதிரி மெதுவாக மூடு. இன்னொன்றும் சொல்கிறேன். வரைபடத்தில் பள்ளமாகத் தெரிகிற இடத்தில் எல்லாம் யாராவது நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து பாய் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வரியை நீ யாரும் சொல்லாமலே எழுதியிருக்கிறாய். அது ஏட்டுப் படிப்பில் வந்ததா, ரத்தத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. உன் நைனாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

இதை ஏன் சங்க மலரில் போடுகிறேன் என்று கேட்டாயானால், அன்று அந்தப் பொய்யைத் தெரு கேட்கச் சொன்னேன். பாடியில் அந்தத் தெருக்காரர்கள் பாதிப் பேர் இன்றைக்கு எஸ்டேட்டில் கடை வைத்திருக்கிறார்கள், மலர் அவர்கள் கைக்கும் போகும். 'சிலிண்டர் அக்கா புருஷன் ஒரு காலத்துல பயங்கரக் குடி' என்று இன்னும் பேசுகிறவர்கள் படிக்கட்டும். என் கடைப் பேர் கொஞ்சம் கெட்டால் கெடட்டும், அது தாங்கும். இப்போது என்னிடம் லைசென்ஸும் இருக்கிறது, நாலு பக்கமும் காற்றோடுகிற மேட்டுக் கிடங்கும் இருக்கிறது. உன் கண்ணில் நான் எவ்வளவு இறங்கினாலும் சரி. அதை நீ டெல்லியில் உட்கார்ந்து யோசித்து முடிவு பண்ணு, அவசரமில்லை. ஆனால் சனிக்கிழமை சாப்பிட வருகிறாய் அல்லவா, அன்றைக்கு அவரிடம் மன்னிப்பு, கண்ணீர் என்று எதையும் ஆரம்பிக்காதே, அவருக்குக் கூச்சமாகப் போய்விடும். வாசலில் வண்டியை நிறுத்தும்போது, 'நைனா, கேட்டைத் தொற' என்று ஒரு சத்தம் கொடு. போதும்.

இப்போது மதியம் மூன்று மணி. கொஞ்சம் முன்னால் அவர் இந்தப் பக்கம் வந்து நின்று, "இன்னா இத்தினி நேரமா எழுதிகினு கீறே?" என்று கேட்டார். "புள்ளைக்கு" என்றேன். "எத்தப் பத்தி?" என்றார். "பின்ரூமப் பத்தி" என்றேன். உள்ளே போனார். தலையணையோடு திரும்பி வந்தார். ஃபேனை வேகமாக வைத்துவிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறும் மொசைக் தரையில் படுத்து, "அவன் வந்தா எழுப்பு" என்றார். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார்.

அம்மா